ஆறாவது பங்கு

கலிபோர்னியாவில் ஐம்பத்தைந்து வயது நிறைந்த ஒருவர், தான் குடியிருக்கும் வீட்டை விற்றுவிட்டு மாநிலத்துக்குள் எங்கே வேறு வீடு வாங்கினாலும், பழைய வீட்டின் வரி மதிப்பைக் கையோடு எடுத்துப் போகலாம். 2020 நவம்பரில் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய ப்ராப்பசிஷன் 19 இதற்கு வழி செய்தது. 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. எனக்கு அறுபத்தேழு வயது, என் வீட்டுக்காரருக்கு எழுபத்திரண்டு. ஃப்ரீமான்ட்டில் உள்ள எங்கள் மாடி வீட்டைக் கொடுத்துவிட்டு, ஃபோல்சத்தில் மகள் வீட்டுப் பக்கத்தில் படி ஏற வேண்டாத ஒரு வீட்டுக்குப் போவதென்று முடிவு செய்திருக்கிறோம். சலுகை எங்களுக்குக் கிடைக்கும், அதில் ஐயமில்லை. அதை வாங்கிக்கொள்வது அறம்தானா என்ற கேள்வி மட்டும் என்னை விடமாட்டேன் என்கிறது.

"இது வரிக் கணக்கு. இதுல அறம் எங்க வந்துது?" என்கிறார் அவர்.

நான் ஓய்வு பெறும்வரை ஒரு பள்ளி மாவட்ட அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தவள். ஊரில் எல்லாருக்கும் சொத்துவரி ஒரு பில். எனக்கு அது வரவு. டிசம்பர் 10, ஏப்ரல் 10 என்று இரண்டு கெடு தேதிகள். அவை கடந்த பிறகு கவுண்டியிலிருந்து பணம் வரும். அதிலிருந்து ஆசிரியர்களுக்கும் பேருந்து ஓட்டுநர்களுக்கும் மதிய உணவுக் கூடத்துப் பெண்களுக்கும் சம்பளம் போகும். ஒருவருக்கு வரி குறைந்தால் அந்தக் குறையை வேறு யாரோ நிரப்பவேண்டும், இல்லையென்றால் அது குறையாகவே நிற்கும். இதை ஆண்டுதோறும் தாளில் பார்த்தவளுக்கு அறம் எங்கே வந்தது என்று கேட்கத் தோன்றாது.

எங்கள் தெருவையே எடுத்துக்கொள்கிறேன். ஒரே கட்டுமானக்காரர், ஒரே வரைபடத்தை இடம் வலம் மாற்றி மாற்றிக் கட்டிய வீடுகள். எங்கள் வீட்டை 1996-ல் 2,60,000 டாலருக்கு வாங்கினோம். வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்பது இங்கே அரசியல் சட்ட விதி. ஆகவே இன்று கவுண்டியின் ஏட்டில் எங்கள் வீட்டின் மதிப்பு நான்கரை லட்சம் டாலருக்கு அருகில் நிற்கிறது. வரி ஏறக்குறைய 5,400 டாலர். பக்கத்து வீட்டு அம்மையார் போர்ச்சுகீசியக் குடும்பத்தவர், எண்பத்தைந்தைத் தாண்டியவர். வீடு கட்டிய நாளிலிருந்து அங்கேயே இருக்கிறார். அவருடைய வரி 1,400 டாலர் அளவில்தான். எதிர்வீட்டை 2022-ல் ஓர் இளம் தம்பதி பதினேழு லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். இருவரும் வேலைக்குப் போகிறார்கள், இரண்டு சின்னக் குழந்தைகள். அவர்களுடைய வரி 20,000 டாலரை ஒட்டி. மூன்று வீட்டுக்கும் அதே தெருவிளக்கு, அதே தீயணைப்பு வண்டி, அதே பள்ளிக்கூடம்.

எதிர்வீட்டுப் பெண் மதுரைக்காரி. ஒருநாள் நேராகவே கேட்டாள்: "ஆன்ட்டி, உங்களுக்கு டாக்ஸ் எவ்வளவு வருது?" சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப உங்க வீட்டுக்கும் சேர்த்து நாங்கதான் கட்டறோமா?" என்றாள். குரலில் கோபம் இல்லை, கணக்குதான் இருந்தது. ஒரு வகையில் ஆமாம் என்று சொன்னேன்.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பதை அவளுக்குச் சொன்னதும் பக்கத்து வீட்டு அம்மையார்தான். எழுபதுகளில் கலிபோர்னியாவில் வீட்டு விலை ஏறிய வேகத்தில் வரி மதிப்பும் ஏறியது. ஓய்வூதியம் அப்படியே நிற்க, வரி சில ஆண்டுகளிலேயே இரட்டிப்பானது. வீட்டுக் கடனை முழுதும் அடைத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்த கிழவர்கள் வரி கட்ட முடியாமல் வீட்டை விற்க நேருமோ என்று பயந்தார்கள். விலை ஏறியது உண்மை, ஆனால் விற்றால்தானே அந்த விலை கைக்கு வரும். குடியிருக்கும் கூரையின் மதிப்பு ஏறினால் அடுப்பில் அரிசி கூடுவதில்லை. அந்தப் பயத்தின்மேல்தான் ஹோவர்ட் ஜார்விஸும் பால் கானும் ப்ராப்பசிஷன் 13-ஐக் கொண்டுவந்தார்கள். 1978 ஜூன் 6 அன்று ஏறக்குறைய 65 சதவீத வாக்குகளோடு அது நிறைவேறியது. வரி, மதிப்பில் ஒரு சதவீதம், அதற்குமேல் மக்கள் ஒப்புக்கொண்ட கடன்பத்திரங்களுக்கு மட்டும். மதிப்பு 1975-க்குப் பின்னோக்கி இழுக்கப்பட்டது. வீடு கைமாறினால்தான் சந்தை விலைக்கு மறு மதிப்பீடு. மாநிலத்தின் சொத்துவரி வருவாய் ஒரே வீச்சில் பாதிக்கும் மேல் விழுந்தது.

ஜார்விஸுக்கு அப்போது எழுபத்துநான்கு வயது. முதியவர்களின் பாட்டைப் பேசியே அவர் ஊரைத் திரட்டினார். அவர் லாஸ் ஏஞ்சல்ஸில் வாடகைக் குடியிருப்புச் சொந்தக்காரர்களின் சங்கத்தில் பணியாற்றியவர் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். சட்டம் பாட்டியின் வீட்டோடு நிற்கவில்லை. கடைவீதிகளுக்கும் ஆலைகளுக்கும் அலுவலகக் கோபுரங்களுக்கும் அதே கூரையைப் போட்டது. இரக்கம் யாருக்காகக் கேட்கப்பட்டதோ அவரைவிடப் பல மடங்கு பெரியவர்கள் அதன் நிழலில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். 2020-ல் பெரிய வணிகச் சொத்துகளை மட்டும் அந்த நிழலிலிருந்து வெளியே கொண்டுவர ப்ராப்பசிஷன் 15 முயன்றது. எங்கள் சலுகையை நிறைவேற்றிய அதே நாளில், அதே வாக்குச்சீட்டில், மக்கள் அதைத் தோற்கடித்தார்கள். எனக்கு அது இன்றும் ஆறாத வருத்தம்.

ஒரே மாதிரி வீட்டுக்கு மூன்று விதமான வரி நியாயமா என்ற கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸில் அதுவரை வாடகைக்கு இருந்த ஸ்டெஃபனி நார்ட்லிங்கர் 1988-ல் 1,70,000 டாலருக்குத் தன் முதல் வீட்டை வாங்கினார். தன்னைப் போன்ற வீட்டில் நெடுநாளாக இருப்பவர்களைவிடத் தனக்கு வரி பல மடங்கு அதிகம் என்று வழக்குத் தொடுத்தார். 1992-ல் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அவர் தோற்றார். புதிதாக வாங்குபவருக்கு வரி எவ்வளவு என்று முன்னாலேயே தெரியும்; பிடிக்காவிட்டால் வாங்காமல் இருக்கலாம். முன்பே இருப்பவருக்கு அந்தத் தேர்வு இல்லை. அக்கம்பக்கம் கலையாமல் இருப்பதில் அரசுக்கு அக்கறை இருக்கலாம். பெரும்பான்மைத் தீர்ப்பு இந்த வழியில் போனது. முதியவர்கள் தங்கள் குடும்பத்தின் அளவுக்கும் வருமானத்துக்கும் ஏற்ற வீட்டுக்கு மாறுவதை வரி தடுக்கவேண்டாம் என்று மக்கள் கருதியிருக்கலாம் என்றும் அதே தீர்ப்பில் உண்டு. நீதிபதி ஸ்டீவன்ஸ் ஒருவர் மட்டும் மறுத்தார். பெற்றோரின் வரிச்சலுகை பிள்ளைக்கு இறங்குவது இடைக்காலத்து நிலக்கிழார்களின் உரிமையைப் போன்றது என்பது அவர் வாதம்.

தீர்ப்பு எட்டுப் பேர் பக்கம் என்றாலும் மனம் அந்த ஒருவர் பக்கம் சாய்கிறது. அரசியல் சட்டம் ஒன்றை அனுமதிப்பதும் அது அறமாவதும் வேறு வேறு. ஆனாலும் எட்டுப் பேர் சொன்னதில் என்னால் ஒதுக்க முடியாதது ஒன்று உண்டு. ஓரிடத்தில் நெடுங்காலம் இருந்தவருக்கு, அங்கே தொடர்ந்து இருக்கலாம் என்ற நம்பிக்கையின்மேல் ஏதோ ஓர் உரிமை இருக்கிறது. அது என்ன உரிமை, எதுவரை நீளும் என்பதில்தான் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் வழக்கு.

அவர் கட்சி இது: "முப்பது வருஷத்துக்குக் கிட்ட இந்த ஊருக்கு வரி கட்டியிருக்கோம். நம்ம பொண்ணு பள்ளிக்கூடத்த விட்டு எவ்வளவோ வருஷம் ஆச்சு, இன்னும் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கிட்டுதான் இருக்கோம். வீட்ட வித்தா வர்ற லாபத்துக்கு வாஷிங்டனுக்கு வேற வரி. கணவன் மனைவிக்கு அஞ்சு லட்சம் வரைதான் விலக்கு. மிச்சத்துக்குக் கட்டிட்டுதான போகப்போறோம்? இதுக்கு மேல இந்தச் சின்னச் சலுகை நமக்குச் சேர வேண்டியது. நாம சம்பாதிச்சது."

அவர் சொல்லும் எண்ணெல்லாம் சரி. சம்பாதித்தது என்பதில்தான் நான் நிற்கிறேன். 1996-ல் வாங்கினோம் என்பது எங்கள் உழைப்பா? அந்த வருடம் அவருக்கு இங்கே வேலை கிடைத்திருந்தது, விலை அப்படி இருந்தது, கையில் முன்பணம் இருந்தது. எதிர்வீட்டுப் பெண் அப்போது பிறந்திருக்கவும் மாட்டாள். முந்திப் பிறந்தது ஒரு தகுதி என்றால் அதைவிட எளிதாகக் கிடைக்கும் தகுதி உலகத்தில் வேறு இல்லை. நாங்கள் உழைத்தோம், ஐயமில்லை. அவளும் உழைக்கிறாள். இரண்டு உழைப்புக்கும் நடுவில் உள்ள பதினான்கு லட்சம் டாலர் வித்தியாசத்தை யாரும் உழைத்துச் சம்பாதிக்கவில்லை.

மயிலாடுதுறையில் என் அப்பா தமிழாசிரியர். மூப்பைப் பற்றி இரண்டு வழிகளை அவர் எங்களுக்குச் சொல்வார். ஒன்று மனு சொல்லும் வானப்பிரஸ்தம்: தோலில் சுருக்கமும் தலையில் நரையும் கண்டு, பிள்ளைக்குப் பிள்ளை பிறந்ததையும் கண்டபின் இல்லறத்தான் காட்டுக்குப் போகட்டும் என்பது. மற்றது தொல்காப்பியம். கற்பியலில் ஒரு நூற்பா, இல்லற வாழ்வு கனிந்த கடைக்காலத்தில் தலைவனும் தலைவியும் மக்களோடும் சுற்றத்தோடும் கூடியிருந்தே மேலானதைப் பயிலவேண்டும் என்கிறது. அப்பாவுக்குப் பிடித்தது இரண்டாவது. காட்டுக்குப் போகச் சொல்வது எளிது, பேரப்பிள்ளைகளுக்கு நடுவில் இருந்துகொண்டே பற்றைத் தளர்த்துவதுதான் பயிற்சி என்பார்.

இரண்டு வழியும் ஒரு புள்ளியில் சேர்வதை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். இரண்டிலும் முதியவர் நடு இடத்தை விட்டு நகர்கிறார். வீட்டின் பெரிய அறை, சாவிக்கொத்து, கடைசிச் சொல் இவற்றை அடுத்தவர்க்கு விட்டுத் தருகிறார். மூப்புக்குரிய மரியாதை அந்த விட்டுக்கொடுத்தலோடு சேர்ந்தே வருகிறது. சாவியைக் கடைசிவரை இடுப்பில் செருகிக்கொண்டு, வயதாகிவிட்டது, மரியாதை கொடு என்று கேட்கும் பெரியவரையும் ஊரில் பார்த்திருக்கிறோம்.

இந்தக் கோணத்தில் பார்த்தால் கலிபோர்னியாவின் சட்டம் நெடுங்காலம் முதியவர்களைத் தப்பான திசையில் தள்ளியது. வீட்டைவிட்டு அசைந்தால் வரி மூன்று மடங்கு. சாகும்வரை அங்கேயே இருந்தால், வாங்கிய விலைக்கும் இன்றைய விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு லாப வரியும் இல்லை. வாரிசின் கணக்கு இறந்த நாளின் விலையிலிருந்து புதிதாகத் தொடங்கும். 1986-ன் ப்ராப்பசிஷன் 58-க்குப் பின் பெற்றோரின் வரி மதிப்பும் பிள்ளைகளுக்கு அப்படியே இறங்கியது, அவர்கள் அங்கே குடியிருக்காமல் வாடகைக்கு விட்டாலும். ஆக, கிழவனே, கிழவியே, இந்த வீட்டிலேயே இருந்து இறந்துபோ என்றுதான் சட்டம் சொல்லிக்கொண்டிருந்தது. நான்கு படுக்கையறை வீட்டில் முழங்கால் வலியோடு ஒருவர் கீழ்க்கூடத்துச் சோபாவில் படுத்துத் தூங்குவார். மூன்று குழந்தைகளோடு ஒரு குடும்பம் டிரேசியிலிருந்து தினமும் மலை தாண்டி வேலைக்கு வரும். நான் அறிந்த வீடுகளிலேயே இரண்டும் உண்டு.

இதைத் தளர்த்தும் முயற்சிகள் படிப்படியாக வந்தன. 1986-ல் ப்ராப்பசிஷன் 60: ஐம்பத்தைந்தைக் கடந்தவர், அதே கவுண்டிக்குள், சமமான அல்லது குறைந்த விலை வீட்டுக்கு, வாழ்நாளில் ஒருமுறை மாறலாம். 1988-ல் ப்ராப்பசிஷன் 90 கவுண்டி விட்டுக் கவுண்டி போகவும் அனுமதித்தது, ஆனால் போகிற கவுண்டி ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு மிக நேர்மையாகப் படுவது அந்த 1986-ன் வடிவம்தான். சிறியதற்குப் போ, ஒருமுறை போ, உன் இடத்தை இன்னொருவருக்கு விடு, அதற்காக உன்னைத் தண்டிக்கமாட்டோம். இரக்கமும் நீதியும் அதில் ஒரே அளவில் இருந்தன.

ப்ராப்பசிஷன் 19 அந்த அளவைத் தாண்டியது. மாநிலம் முழுவதும் எங்கும் போகலாம் என்றது, அது நல்லது. பிள்ளைகள் வேலைக்காக எங்கேயோ இருக்கும் காலத்தில் கவுண்டி எல்லை முதியவர்களுக்குச் சிறை. ஆனால் மூன்று முறை மாறலாம் என்றும், முன்பைவிட விலை கூடிய வீட்டுக்கும் போகலாம், விலை வித்தியாசத்தை மட்டும் பழைய மதிப்போடு கூட்டிக்கொள்ளலாம் என்றும் சேர்த்தது. பதினாறு லட்சம் வீட்டிலிருந்து இருபத்தைந்து லட்சத்துக் கடலோர வீட்டுக்குப் போகிறவருக்கு ஏன் இரக்கம்? அவரிடமிருந்து வீடு விடுதலை பெறுகிறது, உண்மை. அவர் வேறொன்றைப் பிடித்துக்கொள்கிறார். இதே யோசனையை 2018-ல் ப்ராப்பசிஷன் 5 என்ற பெயரில் மக்கள் மறுத்தார்கள். இரண்டாம் முறை, காட்டுத்தீயில் வீடு இழந்தவர்களுக்கும் கடும் உடற்குறை உள்ளவர்களுக்குமான சலுகையோடும், தீயணைப்புக்கான நிதியோடும் சேர்ந்து வந்தபோது 51 சதவீதத்துக்குச் சற்று மேல் பெற்று வென்றது. இரண்டு முறையும் முன்னின்றது வீடு கைமாறினால் தரகுப்பணம் பெறும் ரியல்டர்களின் சங்கம்.

அதே சட்டம் வாரிசுரிமையைக் குறுக்கியதை மட்டும் நான் முழுமனதோடு ஏற்கிறேன். 2021 பிப்ரவரி 16 முதல், பெற்றோரின் வீட்டில் பிள்ளை தானே குடியிருந்தால்தான் பழைய மதிப்பு தொடரும், அதுவும் ஒரு வரம்புக்கு உட்பட்டு. "எங்களுக்கு வரவேண்டியத எடுத்துட்டாங்களேம்மா" என்று மகள் விளையாட்டாகச் சொன்னாள். அவளுக்கு நாங்கள் வீட்டின் விலையை விட்டுப்போகலாம். ஊர் எங்கள்மேல் காட்டிய இரக்கத்தை விட்டுப்போக எங்களுக்கு உரிமை இல்லை. அது எங்கள் கைக்கு வந்தபோதே எங்கள் வயதுக்காக, எங்கள் முழங்காலுக்காக வந்தது.

பக்கத்து வீட்டு அம்மையாரிடம் இதையெல்லாம் பேசியிருக்கிறேன். கத்தோலிக்கர், வேதத்தில் ஊறியவர். லேவியராகமத்தில் ஐம்பதாம் ஆண்டை யூபிலி ஆண்டாகக் கொண்டாடச் சொல்லியிருப்பதை எனக்கு எடுத்துச் சொன்னதும் அவரே. அந்த ஆண்டில் விற்ற நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்பும். வறுமையால் நிலத்தை விட்டவர் என்றைக்கும் வெளியாளாகவே நின்றுவிடக் கூடாது என்பதற்கு அது. வேரூன்றியவர்களைப் பிடுங்காதே என்று கடவுளே சொல்லியிருக்கிறார், பார் என்றார். அதே அதிகாரத்தில்தான், நிலம் கடவுளுடையது, நீங்கள் அதில் தங்கிப்போகும் அந்நியர்கள் என்றும் இருக்கிறது. நான் அதைக் காட்டினேன். அவர் சிரிக்காமல், மறுக்காமல், இரண்டும் சேர்ந்துதான் கட்டளை என்றார். அவர் எங்கும் போகப்போவதில்லை. நடந்துபோகும் தூரத்தில் அவருடைய தேவாலயம். அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் நான்கு பேர் அங்கேதான் மிச்சம். வரிச்சலுகையால் பெயர்க்க முடியாத காரணங்கள் அவை. அவரைப் போன்றவர் இருக்குமிடத்தில் இருக்கத்தான் 1978-ன் இரக்கம் தேவைப்பட்டது, அவர் விஷயத்தில் அது வீணாகவில்லை. 1,400 டாலர் கட்டும் அவர்மேல் எதிர்வீட்டுப் பெண்ணுக்கும் மனத்தாங்கல் கிடையாது, மருந்துக் கடைக்கு அவரைக் காரில் அழைத்துப்போவதே அவள்தான்.

எனக்கு மனத்தாங்கல் வேறிடத்தில். லிவர்மோர் சிவா விஷ்ணு கோயிலில் பழக்கமான ஓர் அக்கா ஹேவர்டில் வாடகைக்கு இருக்கிறார். கணவர் இல்லை. மற்றவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே உழைத்து ஓய்ந்தவர், எழுபதைக் கடந்தவர். வீடு வாங்கும் அளவுக்கு ஒருபோதும் பணம் சேரவில்லை. என் வீட்டின் வரி மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. அவருடைய வாடகைக்கு 2019-ல் நிறைவேறிய சட்டம் வைத்த வரம்பு, விலைவாசி உயர்வோடு 5 சதவீதம், எப்படியும் 10 சதவீதத்துக்கு மிகாமல். அவர் வீடு மாறினால் புது வீட்டுச் சந்தை வாடகை. கையோடு எடுத்துப்போக அவருக்கு எந்தப் பழைய மதிப்பும் கிடையாது. மூப்புக்காகத்தான் இந்தச் சலுகை என்றால் என்னைவிட மூத்தவர் அவர். தேவைக்காக என்றால் அவர் பக்கத்தில் நிற்கவே எனக்கு இடமில்லை. முதியவர் என்ற சொல்லைச் சொல்லி, சொந்த வீடுள்ள முதியவரை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு இந்த மாநிலம் அரை நூற்றாண்டாக வாக்களித்து வருகிறது. "நீங்க கொடுத்து வச்சவங்க" என்று அந்த அக்கா மனதாரச் சொன்னபோது, யார் எடுத்து எனக்குக் கொடுத்தார்கள் என்றுதான் யோசனை ஓடியது.

யார் கொடுத்தார்கள் என்பதைக் கணக்காகவே போட்டேன். எங்கள் வீடு பதினேழு லட்சத்துக்குப் போனால், அலமீடா கவுண்டிக்கு அந்த வீட்டிலிருந்து வரும் வரி 5,400-லிருந்து 20,000 டாலராகும். ஃபோல்சத்தில் நாங்கள் பார்த்திருக்கும் வீடு ஏழு லட்சம். எல்லாரையும் போலக் கட்டினால் ஆண்டுக்கு ஏறக்குறைய 7,700 டாலர் வரும். நான்கரை லட்ச மதிப்பைத் தூக்கிப்போனால் 5,000. சேக்ரமென்டோ கவுண்டிக்கு இழப்பு ஆண்டுக்கு 2,700 டாலர். இழக்கும் கவுண்டிகளுக்கு ஈடுகட்ட அதே சட்டம் ஒரு நிதியையும் வைத்திருக்கிறது. மொத்தத்தில் அரசுக்கு லாபம்தான். அந்த லாபம் முழுவதும் எங்கள் மாடிப்படியில் இனி ஏறப்போகும் இளம் குடும்பத்தின் பையிலிருந்து வருகிறது. அவர்கள் முழு வரி கட்டப்போவதால்தான் எங்களைக் குறைவாகக் கட்ட விட முடிகிறது. சலுகையைக் கொடுப்பவர் பெயர் விண்ணப்பத்தில் இல்லை, ஆனால் அவர் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இங்கேதான் அப்பா பாடம் சொன்ன பரிமேலழகர் துணைக்கு வந்தார். இல்வாழ்க்கை அதிகாரத்தில் வள்ளுவர் இல்லறத்தான் பேணவேண்டிய ஐந்து இடங்களைச் சொல்கிறார்: இறந்துபோன முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், தான். அந்தக் குறளின் உரையில் பரிமேலழகர் போகிற போக்கில் ஒன்று சொல்லிவைத்திருக்கிறார். அரசனுக்கு இறையாக ஆறில் ஒரு பங்கு மட்டும் போனதற்குக் காரணம், மற்ற ஐந்து பங்கும் இந்த ஐந்து இடத்துக்கும் வேண்டியிருப்பதே. சிறுமியாக இதைக் கேட்டபோது வகுத்தல் கணக்கு என்றுதான் நினைத்தேன். இப்போது அதன் துணிவு தெரிகிறது. வருமானத்தில் வரி என்றும் வரி போக மிச்சம் என்றும் இரண்டு கூறு அதில் இல்லை. ஆறும் கடமை. வரி அந்த ஆறில் ஒன்று. தனக்கென்று உண்பதும் ஆறில் ஒன்றுதான், அதுவும் கடைசியில் வைக்கப்பட்டிருக்கிறது.

என் வீட்டுக்காரரிடம் எனக்கிருந்த வழக்குக்கு விடை இதில் இருந்தது. சலுகையை வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் முடிவுக்கு வந்திருக்கிறேன். வாங்காமல் விட்டால் நாங்கள் இங்கேயே ஒட்டிக்கொள்ளும் வயதானவர்களாகிவிடுவோம். படி ஏறமுடியாத நாள் வந்த பிறகு அவசரத்தில் போவோம். இடத்தை விட்டுத் தருவதற்காகக் கொடுக்கப்படுவதை, இடத்தை விட்டுத் தந்து வாங்கிக்கொள்வதில் குற்றமில்லை. ஆனால் அரசன் தன் பங்கில் ஒரு பகுதியை வேண்டாம் என்றால் அந்தப் பகுதி எப்படி என்னுடைய பங்காகும்? அது மற்ற ஐந்து இடங்களைப் பார்த்துத் திரும்பவேண்டும். நான் முன்பே என் பங்கை உண்டுவிட்டேன். சுற்றத்துக்கு வீடு விற்ற பணம் போகும். மிச்சம் நிற்பவர்களில் இங்கே உயிரோடு கண்முன் நிற்பவர் விருந்தினர், ஊருக்குப் புதிதாக வந்தவர்.

"சரி, 2,700 டாலர எடுத்துவச்சு என்ன பண்ணலாம்ங்கற?" என்றார். பள்ளிக்கூடத்துக்கே கொடுத்துவிடலாம் என்பது அவருடைய முதல் யோசனை, ஃபோல்சத்தில் பேரன் படிக்கப்போகும் பள்ளி. கணக்குப் பிரிவில் இருந்தவளுக்கு அது இனிக்கத்தான் செய்தது. ஆனால் பேரன் படிக்கும் பள்ளிக்குக் கொடுப்பது சுற்றத்துக்குக் கொடுப்பது. அதை விருந்தினர் கணக்கில் எழுதமுடியாது என்று சொன்னேன். ஹேவர்ட் அக்காவின் வாடகை ஏறும்போது அந்த ஏற்றத்தை நாங்கள் ஏற்பது என் யோசனை. அவருக்குத் தெரிந்தால் வாங்கமாட்டார், தெரியாமல் செய்வது எப்படி என்று இவர் கேட்கிறார். நல்ல கேள்வி. மனிதருடைய மானத்தைக் காப்பாற்றிக் கொடுப்பது, கொடுப்பதைவிடக் கடினம். கோயில் வழியாகவோ, வாடகைக்கு இருக்கும் முதியவர்களுக்கு உதவும் அமைப்பு எதன் வழியாகவோ செய்யலாமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டை யாருக்கு விற்பது என்பதில் மட்டும் எங்களுக்குள் பேச்சே தேவைப்படவில்லை. முழுத்தொகையையும் ரொக்கமாகக் கொடுத்து வாங்கி வாடகைக்கு விடும் முதலீட்டு நிறுவனம் எவ்வளவு கூடுதலாகச் சொன்னாலும் கொடுப்பதில்லை. குடியிருக்க வருபவருக்குத்தான். வருபவரிடம் வரி எவ்வளவு வரும் என்று எங்கள் பில்லைக் காட்டாமல், அவருக்கு உண்மையில் வரப்போகும் தொகையைக் கணக்குப் போட்டு, மறு மதிப்பீட்டுக்குப் பின் தனியாக வரும் கூடுதல் பில்லையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று ரியல்டரிடம் சொல்லியிருக்கிறேன். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

ஃபோல்சம் வீட்டுப் பத்திரம் முடிந்ததும், வரி மதிப்பை மாற்றும் விண்ணப்பத்தை அங்குள்ள அசெஸ்ஸர் அலுவலகத்தில் கொடுக்கவேண்டும். மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது, ஆனால் உடனே கொடுத்துவிடலாம் என்றிருக்கிறோம். இந்த வீட்டுக்கு நாங்கள் கட்டப்போகும் கடைசித் தவணை டிசம்பர் 10-க்குள். அந்த 2,700 டாலரில் எவ்வளவு கொடுப்பது என்பதில் இன்னும் இழுபறி. வீட்டு விற்பனையின் லாப வரி எவ்வளவு என்று தெரிந்தபின் முடிவு செய்வோம், இப்போதைக்குப் பாதி என்கிறார் அவர். முழுவதும் என்கிறேன் நான். அதற்குள் பேசி முடித்துவிட வேண்டும்.